டிக் இல்லாத டொக்

மாலை ஆறரை மணி இருக்கும். கிடங்குகளுக்குப் பின்னால் போகிற சாலை. பகலில் லாரியும் ஆளுமாக ஜேஜே என்று இருக்கும், பொழுது சாய்ந்தால் ஈ காக்காய் இருக்காது. அந்தச் சாலை ஓரத்தில்... ஒரு மர அலமாரி நின்றுகொண்டிருந்தது.

கிடக்கவில்லை, கவனியுங்கள். நின்றுகொண்டிருந்தது. கதவுப் பக்கம் சுவரை ஒட்டி, முதுகு சாலையைப் பார்த்து. யாரோ சுமந்து வந்து, வேண்டுமென்றே அப்படித் திருப்பி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். அந்த ஜன்னலைச் சாத்தச் சொல்லி எவ்வளவு நேரம் ஆயிற்று? சரி, கிடக்கட்டும். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் பேயை நம்புகிற ஆள் இல்லை. ஆனால் இதை என்னிடம் சொன்ன பெயிண்டர் பொய் சொல்கிற ஆளும் இல்லை. அவன் அக்கா வீட்டில் நடந்தது. பாதியைச் சொன்னான், பாதியை அழுதான். நடுவில் யாராவது "அப்புறம், அப்புறம்" என்று நச்சரித்தால் எழுந்து போய்விடுவேன்.

பெயிண்டருடைய அக்கா புருஷன் வாஷிங் மெஷின் மெக்கானிக். அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'மீட்டர்' என்றால்தான் தெரியும். சட்டைப் பையில் எப்போதும் கரண்ட் பார்க்கிற மீட்டர் ஒன்று துருத்திக்கொண்டு நிற்கும். எதைச் சொன்னாலும் "மீட்டர் வெச்சுப் பார்த்துடலாம்" என்பார். "எனக்கு வயித்து வலின்னாலும் இந்த மனுஷன் அதைத்தான் நீட்டுவாரு" என்று அக்கா கிண்டல் செய்வாள். காரணம் இல்லாமல் எதுவும் நடக்காது, பொறுமையாகத் தேடினால் பழுது கையில் சிக்கியே தீரும் என்பது அவருடைய கட்சி.

அன்று வேலை முடிந்து வண்டியில் வந்தவர், அலமாரியைப் பார்த்ததும் நிறுத்தினார். தட்டிப் பார்த்தார். அசல் பலகை. இந்தக் காலத்தில் எங்கே கிடைக்கிறது? இழுத்துத் திருப்பினார். கதவின் வெளிப்பக்கம் ஒரு கொண்டி, போட்டபடி இருந்தது. அலமாரிக்குப் பூட்டு இருக்கும், கைப்பிடி இருக்கும்... கொண்டி எதற்கு என்று ஒரு விநாடி யோசித்தார். திறந்தார். குப்பென்று அந்துருண்டை வாசனை. காலி. கதவின் உட்பக்கம் மட்டும், கீழே, முழங்கால் உயரத்தில், சின்னச் சின்னப் பள்ளங்கள். எலி கடித்ததாக இருக்கும், ஓட்டை அடைக்கிற மக்கு வைத்துத் தேய்த்தால் போயிற்று என்று வண்டியில் ஏற்றிவிட்டார்.

பலகை எதற்கென்றால், பெண்ணுக்காக.

எட்டு வயதில் ஒரே பெண். வீட்டில் எல்லாருக்கும் அவள் சிட்டு. பிறவியிலேயே காது கேட்காது. பேச்சும் இல்லை. ஆனால் கையால் பேச ஆரம்பித்தால் நம்மால் ஈடு கொடுக்க முடியாது, அப்படி ஒரு வாயாடி. பள்ளியில் கற்றுத் தந்த சைகை கொஞ்சம், அப்பாவும் மகளுமாகச் சேர்ந்து உண்டாக்கியது மீதி. அந்த வீட்டில் ஒரு சட்டம் உண்டு. சிட்டு இருக்கும்போது யாரும் விளக்கை அணைக்கக் கூடாது. விளக்கை அணைத்தால் அவள் வாயைப் பொத்தின மாதிரி. ஒருநாள் பெயிண்டர் விளையாட்டுக்கு அணைத்துவிட்டு மீட்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான்.

அவளுக்கு ஒரே குறை, கூட விளையாட ஆள் இல்லை. தெருப் பிள்ளைகள் கொஞ்ச நேரம் சேர்த்துக்கொள்வார்கள், கூப்பிட்டால் திரும்பவில்லை என்று விட்டுவிட்டு ஓடிவிடுவார்கள். ஒருநாள் மீட்டர் அவளைக் கேம் சென்டருக்குக் கூட்டிப் போயிருந்தார். ஆள் உயரத்துக்குப் பெட்டி பெட்டியாக நிற்குமே, எதிரே திரை, கீழே பட்டன், அங்கே. மற்ற பிள்ளைகள் கத்திக்கொண்டு விளையாட, சிட்டு மட்டும் ஒரு பெட்டியின் ஸ்பீக்கர் பக்கத்தில் போய் இரண்டு உள்ளங்கையையும் பதித்து, கண்ணை மூடிக்கொண்டு நின்றாளாம். மனுஷன் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். "என் பொண்ணுக்கு நான் செஞ்சு தரேன். ஒவ்வொரு அடியும் அவ கையில உறைக்கணும்" என்று அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டார்.

அலமாரியை அறுத்துப் பெட்டி தயாராயிற்று. பழைய டிவி ஒன்று திரை. இடது பக்கம் ஒருவருக்கு ஜாய்ஸ்டிக்கும் பட்டன்களும், வலது பக்கம் இன்னொருவருக்கு. இரண்டு பேர் குத்துச்சண்டை போடுகிற விளையாட்டு. பின்பக்கம் ஒயர் வேலைக்கு ஒரு சின்னக் கதவு. அதற்கு அந்தப் பழைய கொண்டியையே மாட்டினார், வீணாக்குவானேன் என்று. பெயிண்டர் வந்து சிவப்பும் மஞ்சளுமாக அடித்துக் கொடுத்தான். மூன்று கோட் அடித்தும் அந்துருண்டை வாசனை போகவில்லை என்று அவனுக்கு எரிச்சல்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உள்ளே அவர் மாட்டியது ஒரு சொலினாய்டு. பழைய வாஷிங் மெஷினில் கழற்றியது. கம்பிச் சுருள், நடுவே இரும்புத் தண்டு. கரண்ட் கொடுத்தால் தண்டு பாய்ந்து பலகையில் இடிக்கும். திரையில் குத்து விழும்போதெல்லாம் இது இடிக்க வேண்டும். ஆனால் கம்ப்யூட்டர் போர்டு தருகிற சிக்னல் கொசுக்கடி மாதிரி, அதற்குச் சொலினாய்டு அசையாது. அதனால் நடுவில் ஒரு ரிலே. பாதித் தீப்பெட்டி அளவு, நீல நிறம். சிக்னல் வந்ததும் ரிலே உள்ளுக்குள் 'டிக்' என்று ஒட்டும், பெரிய கரண்ட்டைத் திறந்துவிடும். உடனே தண்டு, 'டொக்'. முதலில் டிக், பிறகு டொக். டிக் இல்லாமல் டொக் வராது. வரவே முடியாது.

முதல் நாள் சிட்டுவை நிற்க வைத்துப் பெட்டியைப் போட்டார். ஒரு குத்து விட்டாள். டிக்... டொக். பலகையில் இருந்த இடது கை அதிர்ந்தது. சட்டென்று கையை எடுத்துப் பார்த்தாள். மறுபடி வைத்தாள். டிக்... டொக். சிரித்தாள் பாருங்கள் ஒரு சிரிப்பு. அப்பாவின் கையை இழுத்துப் பலகையில் வைத்து, "கேக்குதா? உனக்குக் கேக்குதா?" என்று கையாலேயே கேட்டாள். மீட்டர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஒயர் பார்க்கிற சாக்கில் பெட்டிக்குப் பின்னால் போய்விட்டார்.

இரண்டு நாள் நன்றாகத்தான் ஓடியது. மூன்றாம் நாள், சிட்டு தனியாக விளையாடிக்கொண்டிருக்கும்போது திரையில் எழுத்து வந்தது. இரண்டாவது ஆட்டக்காரர் சேர்ந்துவிட்டார்.

வலது பக்கம் யாரும் இல்லை. ஆனால் வலது பக்கத்துக் குத்துச்சண்டைக்காரன் அசைந்தான். தடுமாறிக்கொண்டு ஒரு குத்து... காற்றில். பிறகு இன்னொன்று. புதிதாகக் கற்றுக்கொள்கிற பிள்ளை மாதிரி.

பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த பெயிண்டர் ஓரடி பின்னால் போனான். "என்ன அத்தான் இது? பட்டனை யாருமே தொடலையே!"

மீட்டர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "அட, டையோடு போடாம விட்டுட்டேன்டா மாப்ளே. பேயும் இல்ல பிசாசும் இல்ல, என் மறதி."

அவர் சொன்னது நியாயம்தான். சொலினாய்டுக்குக் கரண்ட்டை நிறுத்துகிற நொடியில் அந்தச் சுருள் சும்மா இருக்காது, திருப்பி ஒரு உதை விடும். அந்த உதை பக்கத்தில் ஓடுகிற பட்டன் ஒயரில் ஏறினால், யாரோ பட்டனை அமுக்கியதாகப் போர்டு நினைத்துக்கொள்ளும். அதைத் தடுக்க அரிசி அளவில் ஒரு சாமான், டையோடு, சுருளுக்குக் குறுக்கே போட வேண்டும். சிட்டு அவசரப்படுத்திய அவசரத்தில் மறந்துவிட்டார். அன்று மாலையே அதை ஈயம் உருக்கிப் பற்ற வைத்தார். "இப்ப வரச் சொல்லு பார்ப்போம்" என்றார். வரவில்லை.

மறுநாள் வந்தது.

ஒயர்களைத் தள்ளித் தள்ளிக் கட்டினார். வந்தது. ரிலேயை மாற்றினார். வந்தது. கடைசியில் பொறுமை போய், வலது பக்கத்துப் பட்டன்களையும் ஜாய்ஸ்டிக்கையும் ஒயரோடு பிடுங்கி எடுத்துவிட்டார். பட்டன் இருந்த இடத்தில் வரிசையாக வட்ட ஓட்டைகள் மட்டும். ஒயரே இல்லை, எங்கிருந்து வரும்? அப்படியும் இரண்டாவது ஆட்டக்காரர் சேர்ந்தார். இப்போது குத்துகள் காற்றில் போகவில்லை.

சிட்டுவுக்கோ கொண்டாட்டம். பள்ளி விட்டதும் பை ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கம், நேராகப் பெட்டிக்கு ஓடுவாள். ஒருநாள் பெயிண்டர், "யாரோட விளையாடுற?" என்று கையால் கேட்டான். கூட்டாளி என்றாள். எங்கே இருக்கிறாள்? பெட்டியைத் தட்டிக் காட்டினாள். என் உயரம், என்னை மாதிரியே பேசுவாள்... தட்டித் தட்டி. அப்புறம் ரகசியம் சொல்கிற முகத்தோடு ஒரு பந்தயத்தைச் சொன்னாள். ஜெயித்தவள் வெளியே. தோற்றவள் உள்ளே. நடுவில் விட்டுவிட்டுப் போனாலும் தோற்றதுதான். இதுவரை எல்லா ஆட்டமும் நான்தான், தெரியுமா, என்று நெஞ்சைத் தட்டிக்கொண்டாள்.

பிள்ளைகள் ஆயிரம் சொல்லும். பெயிண்டர் சிரித்துவிட்டு பிரஷைக் கழுவப் போய்விட்டான். மீட்டரிடம் சொல்ல வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை.

அடுத்து நடந்ததுதான் மீட்டரை அசைத்தது. ஒரு மாலை, பிளக்கைப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் பெட்டிப் பக்கத்தில் ஏதோ துடைத்துக்கொண்டிருந்தார். டொக்.

டிக் இல்லை. டொக் மட்டும்.

மீட்டரை எடுத்துச் சுருளில் வைத்தார். பூஜ்யம். டார்ச் அடித்துத் தண்டைப் பார்த்தார். அசையாமல் கிடக்கிறது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே... டொக். தண்டு அசையவில்லை. சத்தம் தண்டு இருக்கும் இடத்திலிருந்து வரவில்லை. கீழே. முழங்கால் உயரத்தில். உள்ளே ஒருத்தி குத்த வைத்து உட்கார்ந்து விரல் முட்டியால் தட்டினால் எங்கே சத்தம் வரும், அங்கே.

இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அந்த மனுஷன் மீட்டரைப் பையில் போட மறந்து, தரையில் வைத்துவிட்டு எழுந்தார். மறுநாள் பெட்டியை உடைத்து எடைக்குப் போட்டுவிடுவது என்று மனைவியிடம் சொன்னார். "பாவம்ங்க, இப்பத்தான் பிள்ளை சிரிச்சுக்கிட்டு இருக்கா" என்றாள் அவள். ஆனாலும் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, சரி என்றாள்.

மறுநாள் அக்கா தான் வேலை பார்க்கிற தையற்கடையிலிருந்து இன்னும் திரும்பவில்லை. மீட்டர் சுத்தியலும் கடப்பாரையுமாக வீட்டுக்குள் நுழைந்தார். பொழுது இருட்டிக்கொண்டு வந்தது. கூடத்தில் ஒரு குழல் விளக்கு. சிட்டு அவருக்கு முதுகு காட்டி விளையாடிக்கொண்டிருந்தாள். டிக் டொக், டிக் டொக், டொக், டொக்... சிட்டு ஜெயித்துக்கொண்டிருந்தாள். இன்னும் ஒரே குத்துதான் பாக்கி.

அவர் கண் வலது பக்கம் போனது. பட்டன் பிடுங்கிய ஓட்டைகள்...

ஓட்டைகளில் விரல்கள் இருந்தன.

உள்ளிருந்து மேலே நீட்டிய விரல் நுனிகள். சின்னப் பிள்ளையின் விரல்கள். ஒவ்வொரு ஓட்டையிலும் ஒன்று. நகமெல்லாம் தேய்ந்து போய், வெளுத்து... அமுக்கி அமுக்கி எடுத்துக்கொண்டிருந்தன. அங்கே இல்லாத பட்டனை.

"சிட்டு!" என்று அலறினார். யாருக்கு அலறினார்? அவளுக்கு எப்படிக் கேட்கும்? ஓடிப்போய்ப் பிளக்கைப் பிடுங்க வேண்டும். பிளக் பெட்டிக்குப் பின்னால். அந்த விரல்களைத் தாண்டிக் கையை விட வேண்டும். என்னால் முடியவில்லை மாப்ளே, என்றாராம் பிற்பாடு. வாசலுக்குப் பக்கத்தில் மெயின் சுவிட்ச். ஒரே எட்டு. படாரென்று இழுத்துவிட்டார்.

திரை போயிற்று. விளக்கு போயிற்று. வீடே கும்மிருட்டு.

ஒரு சத்தம் கேட்டது. சிட்டுவின் தொண்டையிலிருந்து வார்த்தை இல்லாத ஒரு கூச்சல். இருட்டில் தடவிக்கொண்டு ஓடினார். அவள் அவர் மேலே வந்து மோதினாள். மோதிய வேகத்தில் கையை ஆட்ட ஆரம்பித்தாள். ஏதோ சொல்கிறாள். அவசரம் அவசரமாகச் சொல்கிறாள். காற்றில் கை போகிற வேகம் முகத்தில் படுகிறது. என்ன சொல்கிறாள் என்று தெரியவில்லை. இருட்டு. அவர் சட்டையைப் பிடித்து உலுக்கினாள், மறுபடி சொன்னாள். பயத்தில் உளறுகிறாள் என்று நினைத்தார் அந்தப் பாவி மனுஷன். "ஒண்ணுமில்லடா, ஒண்ணுமில்லடா, அப்பா இருக்கேன்" என்று அவளை இறுக்கிக் கட்டிக்கொண்டார். இரண்டு கையையும் சேர்த்து. அவள் திமிறினாள். அவர் விடவில்லை.

பின்பக்கத்துக் கொண்டி திறக்கிற சத்தம் கேட்டது. கிறீச்.

அணைப்பில் இருந்த கனம் ஒரு நொடி இல்லாமல் போனது. கைக்குள் வெறும் கவுன் துணி மட்டும் இருப்பது மாதிரி. அவர் பதறுவதற்குள் கனம் திரும்பி வந்துவிட்டது. திமிறல் நின்றுவிட்டது. அவளுடைய தலைமுடி அவர் மூக்கில் பட்டது. அந்துருண்டை வாசனை. கொண்டி மறுபடி விழுந்தது.

தூக்கிக்கொண்டே போய் மெயினைப் போட்டார். விளக்கு எரிந்தது. மேலே மின்விசிறி கடகடவென்று சுழல ஆரம்பித்தது. சிட்டு அவர் தோளிலிருந்து தலையை எடுத்து, நிமிர்ந்து மின்விசிறியைப் பார்த்தாள்.

ஏன் பார்த்தாள்? அது சுழல்வதைப் பார்த்தாள் என்று அவர் தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டார். அக்கா வந்தாள். சமையலறையில் அவள் கைதவறி ஒரு தட்டைப் போட்டாள். கூடத்தில் முதுகு காட்டி உட்கார்ந்திருந்த சிட்டு... விருட்டென்று திரும்பினாள்.

அக்கா தட்டை அப்படியே விட்டுவிட்டுக் கூடத்துக்கு வந்தாள். மெல்ல, "சிட்டு" என்றாள். எட்டு வருஷமாகக் கேட்காத காதுக்கு. பிள்ளை அவளைப் பார்த்துச் சிரித்தது.

அதற்கப்புறம் அந்த வீட்டில் நடந்த சந்தோஷத்தைக் கேட்கவா வேண்டும்? வேண்டாத சாமி இல்லை, பார்க்காத டாக்டர் இல்லை, அப்படித் தவித்தவர்கள். சொந்தக்காரர் எல்லாரும் வந்து கட்டிக்கொண்டு அழுதார்கள். டாக்டர் காதில் கருவி வைத்துப் பார்த்தார், மறுபடி பார்த்தார், பழைய ரிப்போர்ட்டைப் புரட்டினார், "எனக்கு விளங்கல, ஆனா நல்லா கேக்குது" என்று சொல்லிவிட்டார். ஒரு மாதத்துக்குள் பேச்சும் வந்துவிட்டது. மழலை இல்லை, திக்கல் இல்லை. எங்கேயோ எப்போதோ பேசிப் பழகிய பிள்ளையின் பேச்சு.

மீட்டர் மட்டும் சிரிக்கவில்லை. ஒரு நாள் யாரும் இல்லாத நேரம் அவள் எதிரே உட்கார்ந்து கையால் கேட்டார். "சாப்பிட்டியா?" பிள்ளை கையைப் பார்த்தது. "அப்பா மேல கோவமா?" பிள்ளை கையைப் பார்த்தது. அவர்கள் இரண்டு பேர் மட்டும் உண்டாக்கிய சைகை ஒன்று இருந்தது, தூங்கப் போகும்போது மட்டும் சொல்லிக்கொள்வது. அதைச் செய்தார். ஒரு ஈயைப் பார்ப்பது மாதிரி அந்தக் கண்கள் அவர் விரல்கள் பின்னால் போய் வந்தன. ஒன்றும் புரியவில்லை. அதற்குச் சைகையே தெரியவில்லை.

அவர் அங்கேயே தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். பெயிண்டரைப் பிடித்துக் கேட்ட பிறகுதான் பந்தயக் கதை வெளியே வந்தது. நடுவில் விட்டுவிட்டுப் போனாலும் தோற்றதுதான். அவள் விட்டுவிட்டுப் போகவில்லை. ஜெயிக்க ஒரு குத்து பாக்கி. விளையாட்டை நிறுத்தியது அப்பா. அதைத்தான் அவள் இருட்டில் சொல்லிப் பார்த்திருக்கிறாள். அந்தக் கையைத்தான் அவர் இறுக்கிப் பிடித்திருக்கிறார்.

மனைவியிடம் போனார். அவள் பிள்ளைக்குப் புதுக் கவுன் தைத்துக்கொண்டிருந்தாள். "இது நம்ம சிட்டு இல்லம்மா" என்றார்.

மெஷின் நின்றது. அவள் நிமிரவில்லை. நூலை அறுத்தாள், ஊசியில் கோத்தாள். "பெத்தவளுக்குத் தெரியாதா?" என்றாள்.

"தெரிஞ்சுமா...?"

"அம்மான்னு கூப்பிடறாளேங்க. அந்த ஒரு வார்த்தைக்கு நான் எத்தனை வருஷம் ஏங்கினேன் தெரியுமா? இதைப் பத்தி இனிமே எங்கிட்ட பேசாதீங்க." மெஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது.

அதற்குமேல் அவர் யாரிடம் போவார்? கொண்டியை நீக்கிப் பின்கதவைத் திறந்து பார்த்தார். ஒயர், போர்டு, ரிலே, சுருள். வேறு ஒன்றும் இல்லை. மூடிவிட்டுப் பலகையில் உள்ளங்கையை வைத்தார். டொக். டிக் இல்லை. வீட்டில் வேறு யார் காதிலும் அது விழவில்லை. அவருக்கும் காதில் விழவில்லை, கையில்தான் விழுந்தது.

போன மாதம் பெயிண்டர் அங்கே போயிருந்தான். சாப்பிட்டுவிட்டுப் படுக்கப் போகும் நேரம். அக்கா உள் அறைக்குப் போய்விட்டாள். மீட்டர் பெட்டி முன்னால் உட்கார்ந்திருந்தார். இளைத்துப் பாதி ஆளாகிவிட்டிருந்தார். வலது பக்கத்துப் பட்டன்களை எல்லாம் திரும்ப மாட்டியிருந்தார். "யாருக்கு அத்தான் இது?" என்று கேட்க நினைத்தான், கேட்கவில்லை. ஆட்டம் ஆரம்பித்தது. கொஞ்ச நேரத்தில் இரண்டாவது ஆட்டக்காரர் சேர்ந்தார்.

மீட்டர் பட்டன்மேல் விரலை வைக்கவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தோற்க வேண்டும் அவருக்கு. தோற்றால் அவர் உள்ளே, அவள் வெளியே.

வலது பக்கத்துக் குத்துச்சண்டைக்காரனும் அசையவில்லை. கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றான். எதிரெதிரே இரண்டு பேரும் அப்படியே நின்றார்கள். நேரம் முடிந்தது. சமம் என்று திரையில் எழுத்து வந்தது. மீட்டர் மறுபடி ஆரம்பித்தார். மறுபடி சமம்.

"குத்தவே மாட்டேங்கிறாடா" என்றார் மீட்டர், கண்ணைத் துடைக்காமல். "என்னை உள்ள அனுப்ப மாட்டேங்கிறா. பிடிவாதக்காரி."

பெயிண்டர் பெட்டியைப் பார்த்தான். பலகை இடுக்குகளில் மஞ்சளாக வெளிச்சம் கசிந்துகொண்டிருந்தது. உள்ளே ஒரு பல்பு எரிகிறது.

"எதுக்கு அத்தான் உள்ள லைட்டு?"

"இருட்டுல அவளால பேச முடியாதுல்ல."

அப்போது உள் அறைக் கதவு திறந்தது. புதுக் கவுனும் கலைந்த தலையுமாகப் பிள்ளை வந்து நின்றது. பெட்டியைப் பார்த்தது. பிறகு அப்பாவைப் பார்த்து, தெளிவாக, ரொம்ப மரியாதையாகச் சொன்னது...

"அந்த லைட்டை அணைச்சிடுங்கப்பா. அவ பேசிக்கிட்டே இருக்கா."